“ஒன்றுமில்லை, அத்தா!”



எங்கள் வீட்டு இரும்புப் பீரோவின் மேல்தட்டில், அத்தாவின் பழைய மூக்குக் கண்ணாடிக்கும் தஸ்பீஹ் மணிக்கும் நடுவே ஒரு சிறு பெட்டி இருக்கிறது. அதனுள் காதின் பின்புறம் மாட்டிக்கொள்ளும் கேட்புக் கருவி ஒன்று. அதன் அருகே வட்டமான ஓர் அட்டை. அந்த அட்டையில் ஆறு சிறு பேட்டரிகளுக்கு இடமுண்டு. இரண்டு இடங்கள் காலியாக இருக்கின்றன. மற்ற நான்கிலும் பேட்டரியின் முதுகில் ஒட்டிய ஆரஞ்சு நிறத் தாள்கூட இன்னும் உரிக்கப்படவில்லை.

அத்தா 2016-இல் வஃபாத்தானார்கள். அந்தக் கருவியை அவர்கள் அணிந்தது மொத்தம் பதினொரு நாட்கள்.

உங்கள் வீட்டிலும் இப்படியொரு பெட்டி இருக்கலாம். இருந்தால், இந்தக் கட்டுரை உங்களுக்காகவே எழுதப்பட்டது. அண்மையில் கருவி வாங்கி, “இதைப் போய் எதற்கு வாங்கினோம்!” என்று சலித்துக்கொண்டிருப்பவராக நீங்கள் இருந்தால், தயவுசெய்து இதைக் கடைசி வரி வரை வாசித்துவிட்டு அதன்பின் முடிவு செய்யுங்கள். ஏனெனில் நானும் அதைக் கழற்றி வைத்தவள்தான்.

தறி தின்ற செவி

அருப்புக்கோட்டை நெசவுக்குப் பேர் பெற்ற ஊர். அங்கிருந்து திருச்சுழி செல்லும் வழியெங்கும் வானம் பார்த்த பூமி. குதிரைவாலியும் பருத்தியும் மிளகாயும் மழையை நம்பி நிற்கும். மழை பொய்த்த ஆண்டுகளில் சீமைக்கருவேல மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைப்பார்கள். நிலம் கைவிட்டவர்களில் பலரைத் தாங்கிப் பிடித்தது தறிதான். எங்கள் அத்தாவும் அவ்வாறே திருச்சுழிப் பக்கத்துச் சிற்றூரை விட்டு அருப்புக்கோட்டைக்கு வந்து, முதலில் கைத்தறியிலும் பின்னர் விசைத்தறியிலும் பாடுபட்டார்கள்.

விசைத்தறிக் கூடத்தினுள் நின்றிருக்கிறீர்களா? இருபது தறிகள் ஒருசேர ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. அங்கே 90 டெசிபெலைத் தாண்டிய இரைச்சல் வழக்கமானது. நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் வேலை செய்பவர்களுக்கு 85 டெசிபெலே எல்லை என்று தொழில்சார் உடல்நல வல்லுநர்கள் வகுத்திருக்கிறார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறையும். அந்தக் கணக்குப்படி 94 டெசிபெல் இரைச்சலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்கலாகாது. அத்தா நின்றது நாள்தோறும் பத்து மணி நேரம். அதுவும் இருபத்தைந்து ஆண்டுகள். காதில் வைத்திருந்த காப்போ ஒரு துணுக்குப் பஞ்சு! அந்தப் பஞ்சு எம்மாத்திரம்?

இது நம் ஊருக்கு மட்டும் வாய்த்த விதியன்று. 1886-ஆம் ஆண்டிலேயே ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் தாமஸ் பார் என்ற மருத்துவர், கொதிகலன் செய்யும் தொழிலாளர்களின் காதுகளைச் சோதித்து, இரைச்சல் செவியைக் கெடுப்பதை எழுதி வைத்தார். இங்கிலாந்தின் லங்காஷயர் நெசவாலைகளில் பணிபுரிந்த பெண்கள், தறி ஓசையில் பேச்சு கேளாததால், வாயை அகல அசைத்து உதடுகளாலேயே உரையாடும் ஒரு முறையை உண்டாக்கிக்கொண்டார்கள். அதற்கு அவர்கள் ‘மீ-மா’ பேச்சு என்று பெயரும் வைத்திருந்தார்கள். அத்தாவும் அவர்களுடைய தோழர்களும் தெருவில் நடக்கும்போதுகூட ஒருவர் உதட்டை ஒருவர் பார்த்துத்தான் பேசுவார்கள். சிறுமியாக இருந்த எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. அதன் பொருள் விளங்க எனக்கு ஐம்பது வயது ஆகவேண்டியிருந்தது.

ஒவ்வொரு காதின் உட்புறத்திலும் நத்தைக் கூட்டைப் போல் சுருண்ட ஓர் உறுப்பு உண்டு. அதில் ஏறத்தாழ 15,000 நுண்மயிர்ச் செல்கள் இருக்கின்றன. ஒலியை உணர்ந்து நரம்புக்கு ஒப்படைப்பவை இவையே. பேரிரைச்சலாலோ முதுமையாலோ இவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. அவற்றிலும் முதலில் அழிபவை கீச்சென்ற மெல்லிய ஒலிகளை உணர்பவை. ஆகவே காது மந்தமானவருக்கு எல்லா ஒலியும் ஒரே அளவில் குறைந்துவிடுவதில்லை. லாரி ஓடுவது கேட்கும். லாரிக்காரர் சொன்னது புரியாது. ‘கட்டு’, ‘தட்டு’, ‘பட்டு’ என்ற மூன்று சொற்களையும் சொல்லிப் பாருங்கள். முதலெழுத்தின் மெய்யொலி ஒன்றுதான் அவற்றைப் பிரித்துக் காட்டுகிறது. அந்த மெய்யொலி மங்கிவிட்டால் மூன்றும் ஒன்றே! “சத்தம் கேட்குது, சொல்லு புரியலை” என்று பெரியவர்கள் கூறுவது இதனால்தான். “வேண்டியது மட்டும் நல்லாக் கேட்கும்” என்று நாம் அவர்களைக் கேலி செய்கிறோமே, அது எத்தனை பெரிய அநியாயம்!

தேநீர்க் கடையில் நடந்தது

2008-ஆம் ஆண்டு என்று நினைவு. அத்தா அஸர் தொழுதுவிட்டு வழக்கமாகச் செல்லும் தேநீர்க் கடைக்குச் சென்றார்கள். பழைய தறித் தோழர் ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்தார். அவருடைய மனைவி மதுரையில் மருத்துவமனையில் இருந்ததை அத்தா அறிவார்கள். நலம் விசாரித்தார்கள். தோழர் தலைகுனிந்தவாறே ஏதோ சொன்னார். அதில் ‘வீடு’ என்ற சொல் மட்டும் அத்தாவின் காதில் விழுந்தது.

“வீட்டுக்கு வந்துட்டாங்களா? ரொம்பச் சந்தோஷம்!” என்று அத்தா முகம் மலர்ந்து சொன்னார்கள்.

அந்த அம்மையார் முந்தைய நாள் இரவே இறந்துவிட்டிருந்தார். வீட்டில் அடக்கம் முடிந்த செய்தியைத்தான் தோழர் சொல்லியிருக்கிறார். கடையில் ஒருவரும் பேசவில்லையாம். பிறகு யாரோ ஒருவர் அத்தாவின் காதருகே வந்து உரக்கச் சொல்லியிருக்கிறார். அத்தா வீட்டுக்கு வந்து திண்ணையில் அமர்ந்தார்கள். அன்று மஃரிப் தொழுகைக்குக்கூடப் பள்ளிக்குச் செல்லவில்லை, வீட்டிலேயே தொழுதார்கள். அதன் பிறகு அந்தத் தேநீர்க் கடைப் பக்கம் அவர்கள் போனதே இல்லை.

திருச்சுழி, ரமண மகரிஷி 1879-இல் பிறந்த ஊர். மௌனத்தையே மொழியாகக் கொண்டவர் என்று அவரை உலகம் போற்றுகிறது. அவர் விரும்பி ஏற்ற மௌனம் அது. எங்கள் அத்தாவின் மேல் கவிந்த மௌனமோ, அவர்கள் கேளாமல் வந்தது. அதைக் கலைத்திருக்க வேண்டியவர்கள் நாங்கள்.

பதினொரு நாட்கள்

சவூதியில் பணிபுரிந்த தம்பி பணம் அனுப்ப, 2009-இல் மதுரையில் அத்தாவுக்குக் கருவி வாங்கினோம். விற்றவர்கள் மாட்டிக் காட்டினார்கள், “கேட்குதா?” என்றார்கள், “கேட்குது” என்றார்கள் அத்தா. பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தோம். மறுபடி எப்போது வரவேண்டும், எப்படிப் பழக வேண்டும் என்று எவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

முதல் நாள் அடுக்களையில் ஒரு தட்டு விழுந்தது. அத்தா இரு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டார்கள். பிள்ளைகள் சிரித்தார்கள். நான்காம் நாள் ஒரு நிக்காஹ்வுக்கு அழைத்துச் சென்றோம். ஒலிபெருக்கி, முந்நூறு பேரின் பேச்சு, பாத்திர ஓசை! பந்தியில் அத்தா உண்ணாமல் எழுந்துவிட்டார்கள். பதினோராம் நாள் பள்ளிவாசலில் தொழுகை வரிசையில் நிற்கும்போது, தொப்பியின் ஓரம் உரசியோ என்னவோ, கருவி ‘கீ’ என்று கூவியது. முன் வரிசைச் சிறுவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அத்தா வீட்டுக்கு வந்து கருவியைக் கழற்றிப் பெட்டியில் வைத்தார்கள். “தறியை விட்டு வந்து எத்தனையோ வருஷமாச்சு. இது திரும்பவும் காதுக்குள்ள தறியை ஓட்டுது தாயீ, எனக்கு வேண்டாம்” என்றார்கள்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? மறுநாளே மதுரைக்கு அழைத்துச் சென்று, “இப்படி இரைகிறது, இப்படிக் கூவுகிறது, சரிசெய்து கொடுங்கள்” என்று கேட்டிருக்க வேண்டும். ஆனால் நான், “பிடிக்கலைன்னா விடுங்க அத்தா” என்றேன். அதைப் பரிவு என்று எண்ணிக்கொண்டேன்.

அதன்பின் ஏழாண்டுகள். நாங்கள் கூடத்தில் பேசிச் சிரிப்போம். அத்தா எங்கள் முகங்களைப் பார்த்து, “என்னம்மா சொன்னீங்க?” என்பார்கள். மீண்டும் உரக்கச் சொல்வதற்குச் சோம்பல்பட்டு, “ஒண்ணுமில்லை, அத்தா” என்போம். ஒரு நாளைக்கு எத்தனை ‘ஒன்றுமில்லை’கள்! இறுதி நாட்களில் மருத்துவர் அவர்களுடைய நோயைப் பற்றி எங்களிடமே பேசினார். படுக்கையில் இருந்த அத்தா எங்களை மாறி மாறிப் பார்த்து, “என்ன சொல்றாரு?” என்று கேட்டார்கள். அப்போதும் என் வாயில் வந்தது அதே சொல்தான்.

என் முறை வந்தது

2023-இல் எனக்கு ஐம்பத்தொன்பது வயது. திருச்சுழிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருந்தேன். பின் வரிசைப் பிள்ளைகளின் விடை எனக்குப் புரியாமற் போயிற்று. “சத்தமாச் சொல்லு” என்று அதட்டினேன். பிள்ளைகள் முணுமுணுக்கிறார்கள் என்றே நம்பினேன். வீட்டில் தொலைக்காட்சியின் ஒலியை நான் கூட்டுவேன், மருமகள் குறைப்பாள். ஒரு நாள் இரவு உணவின்போது மகனும் மருமகளும் ஏதோ பேசிக்கொண்டார்கள். “என்னப்பா?” என்றேன். மகன் தலையை நிமிர்த்தாமலே சொன்னான்:

“ஒண்ணுமில்லம்மா.”

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மறு வாரமே மதுரைக்குச் சென்று செவிப் பரிசோதனை செய்துகொண்டேன். இரு காதுகளிலும் நடுத்தர அளவு இழப்பு. மெல்லிய கீச்சொலிகளில் இழப்பு அதிகம். சோதித்த இளம்பெண், என் மகள் வயதினள், இரண்டு கருவிகளையும் மாட்டிவிட்டு ஒரு வார்த்தை சொன்னாள்: “டீச்சர், கருவி இன்னிக்கே வேலை செய்யும். உங்க மூளை அதோட சேர்ந்து வேலை செய்ய ஆறு வாரமாவது ஆகும். அதுவரைக்கும் கழற்றிடாதீங்க.”

அப்படியும் ஒன்பதாம் நாள் கழற்றினேன். மின்விசிறி ஒரு பக்கம் உறுமிற்று. செருப்பு தரையைத் தேய்க்கும் ஓசை முதுகுக்குப் பின்னால் எவரோ வருவதுபோல் இருந்தது. செய்தித்தாளைப் புரட்டினால் சுள்ளி முறிவதுபோல் கேட்டது. என் குரலே பானைக்குள்ளிருந்து வருவதாகத் தோன்றியது. போதுமென்று இரண்டையும் பெட்டியிலிட்டு, பீரோவைத் திறந்து மேல்தட்டில் வைக்கப் போனேன். அங்கே அத்தாவின் பெட்டி இருந்தது. பக்கத்தில் அந்த அட்டை. தாள் உரிக்காத நான்கு பேட்டரிகள்.

எவ்வளவு நேரம் அங்கே நின்றேன் என்று தெரியாது. திரும்பி வந்து கருவிகளை மீண்டும் மாட்டிக்கொண்டேன்.

வரத்துக்கால் வாய்க்கால்

கருவி அணிந்த முதல் வாரங்களில் உலகம் ஏன் இப்படி இரைகிறது? நம் ஊர்க் கண்மாயை நினைத்துக்கொள்ளுங்கள். கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலில் பல ஆண்டுகள் நீர் வராவிட்டால் என்னாகும்? மண் மேவும், சீமைக்கருவேல் முளைக்கும். பிறகு ஒரு நாள் பெருமழை பெய்து நீர் வந்தால், அது சீராகவா வரும்? சேறும் முள்ளும் சருகுமாய்ப் புரண்டு வரும், கரையையும் மோதும். அதற்காக “தண்ணீரே வேண்டாம்” என்று மடையை அடைப்பார் உண்டா? வரத்துக்காலைச் செப்பனிடுவோம். நாலு மழைக்குப் பிறகு நீர் தெளிந்து ஓடும்.

செவியிலிருந்து மூளைக்குச் செல்லும் பாதையும் அத்தகையதே. காது மந்தமாகும் ஒருவர் கருவி வாங்குவதற்குள் பெரும்பாலும் பல ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. அந்த ஆண்டுகளில் மூளை மெல்லொலிகளை மறந்துபோகிறது. எதைக் கவனிப்பது, எதைப் புறக்கணிப்பது என்று தரம் பிரிக்கும் பழக்கமும் தளர்கிறது. நல்ல செவியுள்ளவருக்கும் மின்விசிறியின் ஓசை காதில் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. அவருடைய மூளை அதை ஒதுக்கித் தள்ளுகிறது. கருவி அணிந்தவரின் மூளை அந்த வேலையைப் புதிதாகக் கற்க வேண்டும். நாள்தோறும் பல மணி நேரம் கேட்டால்தான் கற்கும். வெள்ளிக்கிழமைக்கு மட்டும், விருந்துக்கு மட்டும் என்று அணிபவருக்கு ஒவ்வொரு முறையும் முதல் நாளாகவே இருக்கும்.

மூக்குக் கண்ணாடி போட்டவுடன் எழுத்து தெளிகிறது. அதே எதிர்பார்ப்போடு கேட்புக் கருவியை அணுகுவதுதான் பெரும்பாலோர் செய்யும் பிழை. அத்தா பிழை செய்யவில்லை. அவர்களுக்கு இதை எடுத்துச் சொல்ல யாரும் இருக்கவில்லை.

உலக நலவாழ்வு நிறுவனம் 2021-இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் 150 கோடிக்கும் மேற்பட்டோர் ஏதேனும் ஓர் அளவில் செவித்திறன் குன்றியவர்கள் என்றும், கேட்புக் கருவி தேவைப்படுவோரில் ஏறத்தாழ 17 விழுக்காட்டினரே அதைப் பயன்படுத்துகிறார்கள் என்றும் கூறுகிறது. செவி மந்தம் உரையாடலை மட்டும் குலைப்பதில்லை. மறதி நோய்க்கு வழிவகுக்கும், தடுக்கக்கூடிய காரணங்களுள் அதுவும் முக்கியமானதென்று மருத்துவ அறிஞர்கள் எச்சரிக்கிறார்கள். அமெரிக்காவில் 70 முதல் 84 வயது வரையிலான 977 பேரிடம் மூன்றாண்டுகள் நடந்த ஆய்வின் முடிவு 2023-இல் வெளிவந்தது. அனைவரையும் சேர்த்துப் பார்த்தால் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆனால் மறதிக்கான வாய்ப்பு ஏற்கெனவே மிகுந்திருந்த பிரிவினரில், கருவியும் பயிற்சியும் பெற்றவர்களின் அறிவுத்திறன் தேய்வு 48 விழுக்காடு குறைந்திருந்தது.

ஆறு வாரங்கள்

நான் ஆசிரியை. ஆகவே ஒரு குறிப்பேட்டில் கட்டம் போட்டு, அன்றன்று அணிந்த மணி நேரத்தை எழுதினேன். என் அனுபவத்தில் பயன்பட்டவற்றைச் சொல்கிறேன், ஏற்றதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரம் வீட்டில், அமைதியான அறையில், ஒருவரோடு மட்டும் பேசுங்கள். நாளிதழை எடுத்து உங்களுக்கு நீங்களே வாய்விட்டு வாசியுங்கள். பானைக்குள்ளிருந்து வருவதாகத் தோன்றும் உங்கள் குரல் பழகுவதற்கு இதைவிட நல்ல வழி இல்லை. காதுத் துளை அடைபடும்போது நம் குரல் எலும்பு வழியாக வந்து உள்ளே முழங்குவதே அதற்குக் காரணம். பல நாட்கள் ஆகியும் அது குறையாவிட்டால், அச்சில் சிறு காற்றுத் துளையிட்டோ அமைப்பை மாற்றியோ வல்லுநர் சரிசெய்வார்.

இரண்டாம் வாரத்தில், புதிதாகக் கேட்கும் ஓசை ஒவ்வொன்றுக்கும் பெயர் வையுங்கள். “இது குழாய் சொட்டுவது, இது பல்லி, இது எதிர்வீட்டுக் கதவு.” பெயர் தெரிந்த ஓசை அச்சுறுத்தாது. மூன்றாம், நான்காம் வாரங்களில் இருவர் மூவரோடு பேசிப் பழகுங்கள், கடைத்தெருவுக்கும் போய்வாருங்கள். கல்யாண மண்டபத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நல்ல செவியுள்ளவர்களே திணறுகிறார்கள்! அங்கும் ஒலிபெருக்கிக்கு முதுகைக் காட்டி, சுவரோரமாய், பேசுபவரின் முகம் தெரியும்படி அமருங்கள்.

கருவி வலித்தால் பொறுத்துக்கொள்ளாதீர்கள். காது அச்சு பொருந்தவில்லை என்று பொருள். கூவினால், அச்சு தளர்ந்திருக்கும். அல்லது காதில் குறும்பி அடைத்திருக்கும். சத்தம் மங்கினால் பேட்டரி தீர்ந்திருக்கலாம். குழாயில் அழுக்கோ வியர்வையோ சேர்ந்திருக்கலாம். ஒட்டுத்தாள் உள்ள பேட்டரி காற்றுப் பட்டால்தான் உயிர்பெறும். தாளை உரித்து ஓரிரு நிமிடம் வெளியே வைத்துவிட்டுப் பின் பொருத்துங்கள். இந்தப் பேட்டரியைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைப்பது மிக முக்கியம். விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

கருவி பொருத்தியவரிடம் இரண்டு மூன்று வாரத்துக்குள் திரும்பச் செல்லுங்கள். இன்றைய டிஜிட்டல் கருவிகள் பலவற்றில், நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் அணிந்தீர்கள் என்பதே பதிவாகிவிடும். ஆசிரியையிடம் பொய் சொல்ல முடியாத மாணவிபோல் நான் அமர்ந்திருந்தேன்! “தட்டு விழுந்தால் குத்துகிறது, பேரன் பேச்சு மட்டும் புரியவில்லை” என்று நடந்ததைச் சொல்லுங்கள். “நல்லாயில்லை” என்ற ஒற்றைச் சொல்லால் அவர் எதையும் சரிசெய்ய இயலாது.

ஒன்றை மறவாதீர்கள். சோதனை எதுவும் செய்யாமல் கடையிலோ விளம்பரம் பார்த்தோ கருவி வாங்காதீர்கள். திடீரென்று ஒரு காது கேட்காமற் போனாலோ, காதில் சீழ் வடிந்தாலோ, நாளைக் கடத்தாமல் மருத்துவரிடம் செல்லுங்கள். வசதி குறைந்தவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை நாடலாம். வருமான வரம்புக்கு உட்பட்டோருக்கு உதவிக் கருவிகள் வழங்கும் மத்திய அரசுத் திட்டம் 1981 முதல் நடப்பில் உள்ளது. விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இயங்குவதால், எதற்கெடுத்தாலும் மதுரைக்கு ஓடும் நிலையும் மாறியிருக்கிறது.

ஒளுவும் முக்காடும்

நம் இல்லங்களுக்கே உரிய சில சங்கடங்களும் உண்டு. நாளைக்கு ஐந்து வேளை ஒளுச் செய்கிறோம். காதைத் தடவ வேண்டும். கருவிக்கோ நீர் பகை. ஒளுவுக்காகக் கழற்றியவர், “தொழுதுவிட்டு மாட்டிக்கொள்வோம்” என்று திண்டின் மேல் வைத்து மறந்துவிடுகிறார். ஐந்து வேளைக்கும் கழற்றினால் நாளில் பாதி போய்விடுகிறது. இதற்கு நான் கண்ட வழி எளிது. சிறு பெட்டி ஒன்று எப்போதும் உடன் இருக்கும். கழற்றினால் நேரே பெட்டிக்குள். காதை நன்றாகத் துடைத்து ஈரம் உலர்ந்ததும் நேரே காதுக்கு. தொழுகைக்கு முன்பே மாட்டிவிடுவதால் மறதிக்கு இடமில்லை.

பெண்களுக்கு இன்னொன்று. கருவியின் ஒலிவாங்கி மேற்புறத்தில் இருப்பதால், முக்காட்டுத் துணி அதன்மேல் உரசினால் சரசரக்கும். கனத்த துணி அழுத்தினால் கூவவும் கூடும். மெல்லிய பருத்தித் துணியாகப் பார்த்து, காதின் மேல் இறுக்காமல் சற்றுத் தளர்வாக அணிந்தால் இது நீங்கும். “அடுத்தவர் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?” என்று கூசும் சகோதரிகளுக்கு ஒரு சொல்: முக்காட்டுக்குள் கருவி இருப்பது எவருக்கும் தெரியாது. கேட்ட கேள்விக்குப் பொருந்தாத விடை சொல்வதோ எல்லோருக்கும் தெரிந்துவிடும்!

சித்திரை வெயிலில் நம் பகுதியில் வியர்வை எப்படி வழியும் என்று சொல்லத் தேவையில்லை. இரவில் கருவியைத் துடைத்து, பேட்டரிக் கதவைத் திறந்து, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா குருணை உள்ள டப்பாவில் வைத்தால் நெடுநாள் உழைக்கும்.

வீட்டாரே, உங்களுக்கு!

இதுவரை அணிபவரிடம் பேசினேன். இனி அவருடைய மகனிடமும் மகளிடமும், மருமகளிடமும் பேரப்பிள்ளைகளிடமும் பேசுகிறேன். கருவி பெட்டிக்குள் போவதில் பாதிப் பங்கு உங்களுடையது.

அடுத்த அறையிலிருந்து அழைக்காதீர்கள். எதிரே வந்து முகம் காட்டிப் பேசுங்கள். கருவி அணிந்தவரிடம் கத்தாதீர்கள். கத்தினால் சொல் சிதையும். இயல்பான குரலில், சற்று நிதானமாகப் பேசுங்கள். ஒரு முறை புரியாவிட்டால் அதே சொல்லைத் திரும்பச் சொல்லாமல் வேறு சொல்லால் சொல்லுங்கள். பேசும்போது தொலைக்காட்சியை நிறுத்துங்கள். கருவி கூவினால் சிரிக்காதீர்கள். “மாட்டினீங்களா, மாட்டினீங்களா” என்று நச்சரிப்பதைக் காட்டிலும், அவர் மாட்டியிருக்கும்போது அருகே அமர்ந்து கால்மணி நேரம் பேசுவது நூறு மடங்கு மேல். பேச ஆள் இல்லாத வீட்டில் காது எதற்காகத் திறந்திருக்க வேண்டும்?

என் ஆறு வாரம் முடிந்த நாளில் மந்திரம் போட்டதுபோல் எதுவும் நிகழ்ந்துவிடவில்லை. கூட்டத்தில் இன்றும் எனக்குச் சில சொற்கள் தவறுகின்றன. இழந்த செவி முழுதும் மீண்டுவிட்டது என்று நான் சொன்னால் அது பொய். ஆனால் மின்விசிறி எப்போது அடங்கியது என்று எனக்கே தெரியவில்லை. பின் வரிசையில் ஒரு சிறுமி, கையைப் பாதி மட்டும் உயர்த்தித் தயங்கித் தயங்கி விடை சொல்வாள். பணி ஓய்வு பெறும் முன்பாக அவள் விடையை முதல் தடவையிலேயே கேட்டேன். அவள் முணுமுணுக்கவே இல்லை. அவள் எப்போதும் சரியான விடையைத்தான் சொல்லிவந்திருக்கிறாள்.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு சட்டம் இருக்கிறது. என் பேத்திக்கு ஏழு வயது. சட்டத்தைக் காப்பவள் அவள்தான். மேசையில் யாராவது வாய் தவறி “ஒண்ணுமில்லை” என்றால், உடனே விரலை நீட்டி, “அப்படிச் சொல்லக் கூடாது! நன்னிமாகிட்ட திரும்பச் சொல்லுங்க” என்பாள். சொன்ன செய்தி வெங்காய விலையாகவும் இருக்கும். பக்கத்து வீட்டுப் பூனையாகவும் இருக்கும். இருக்கட்டுமே! அந்த ஒன்றுமில்லாதவைதாம் சேர்ந்து குடும்பமாகிறது. அத்தாவுக்கு ஏழாண்டுகளாக நாங்கள் மறுத்தது அதைத்தான்.

அன்பர்களே, இந்தப் பக்கத்தை மூடியதும் எழுந்து போய் உங்கள் பீரோவைத் திறந்து பாருங்கள். பெட்டி இருந்தால் எடுங்கள். புதிய பேட்டரி ஒன்றின் தாளை உரியுங்கள். கருவி பழுதாகியிருந்தால் பொருத்தியவரிடம் கொண்டு செல்லுங்கள். இன்றைக்கு ஒரு மணி நேரம்; நாளைக்கு இரண்டு மணி நேரம். உங்கள் வீட்டுப் பெரியவர் இன்று மாலை, “என்ன சொன்னீங்க?” என்று கேட்டால், அருகில் சென்று அமர்ந்து, என்ன சொன்னீர்களோ அதையே சொல்லுங்கள்.